கோடி கொண்டு வந்தவன்

இறந்து கிடந்த குருசாமியின் காலில் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்த அக்காள் கருத்தம்மாளின் கை பாதியில் நின்றது.

"சொர்ணம், இங்கன பாரு. பம்புசெட்டு விக்கிறவன் காலுல இம்புட்டுக் கீறலா?"

சொர்ணலதா பார்க்கவில்லை. பதினோரு வருடமாகப் பார்த்த கீறல்கள்தான். பங்குனி தோறும் சரக்கெடுக்கத் தூத்துக்குடி போகும் புருஷன், பத்தாம் நாள் கறுத்துப்போய், கெண்டைக்காலில் புதுக் கீறலோடு திரும்புவார். கேட்டால் லாரியில் ஏறும்போது உரசியது என்பார். வருஷா வருஷமா உரசும்? அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று போடி கடைவீதியே பேசியது. அந்தப் பேச்சுக்குச் சோறூட்டி வளர்த்ததில் கருத்தம்மாளுக்கும் பங்குண்டு.

தனக்கு ஒன்றென்றால் தந்தியடிக்கச் சொல்லி, கடை ஆள் ஜெபமணியிடம் குருசாமி கொடுத்துவைத்திருந்த விலாசமும் தூத்துக்குடிதான். நேற்று அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததும் ஜெபமணி தந்தியை அடித்துவிட்டார். அதிலிருந்து கருத்தம்மாளுக்கு ஒரு கண் தம்பி மேல், ஒரு கண் வாசல் மேல்.

"பிள்ளையத் தூக்கிட்டு வந்து நிப்பா பாரு."

கோடி போடும் நேரம் வந்தது. சொர்ணலதாவுக்குப் பிறந்த வீட்டுச் சேலை கொண்டுவர யாருமில்லை. சுருளிப்பட்டிக் கிணற்றில் விழுந்த பம்புசெட்டு புட்வால்வை எடுக்க இறங்கிய ஒரே தம்பி உயிரோடு மேலே வரவில்லை. மூழ்கி உடலைத் தூக்கி வந்தவர் குருசாமி. இனித் தண்ணீரில் மூழ்குவதில்லை என்று அன்றே அவரிடம் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அப்போதுதான் காகிதப் பொட்டலத்தோடு ஒரு கறுத்த ஆள் பந்தலுக்குள் வந்தான்.

"ஆரு நீங்க?"

"தொம்மை. தூத்துக்குடி. இவியளுக்கு மச்சினன்."

பந்தலே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அப்ப ஒங்கக்கா எங்க? பஸ்டாண்டுலயே ஒக்காந்துருக்காளா?" என்றாள் கருத்தம்மாள்.

"அக்கா இந்தா இருக்காவ." சொர்ணலதாவைக் காட்டினான். "கடலுக்குள்ள ஒரு பாறைக்கூட்டம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்துக் கப்பல் ஒண்ணு மோதி, ஒடஞ்சு கெடக்கு. அத்தான் வருசத்துக்கு ஒருக்க அதுல முங்க வருவாவ. எங்க பக்கம், முங்குறவனுக்குப் பொண்டாட்டி கூடப்பொறந்தவந்தான் கயிறு பிடிக்கணும். அவந்தான் அக்கா தாலிய நெனச்சுப் பிடிப்பான். மச்சினன் இல்லாத ஆள எறக்க மாட்டேம்னேன். 'எம் பொண்டாட்டிக்குத் தம்பி இல்ல, நீ இரு'ன்னாவ. இருந்துட்டேன்."

"கப்பல்ல என்ன, தங்கமா?" என்று பந்தலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பீரங்கி ஒண்ணு. பாறையோட பாறையா ஒட்டிப் போச்சு. தொட்டுட்டு வருவாவ."

"துருப்பிடிச்ச இரும்பத் தொடவா பஸ் ஏறிப் போனான்? கேக்குறவ கேனச்சின்னா..." கருத்தம்மாள் ஜெபமணியைப் பார்த்தாள். ஜெபமணி கூரையைப் பார்த்தார்.

சொர்ணலதாவும் லேசில் நம்புகிறவள் இல்லை.

"கையக் காட்டுங்க."

தொம்மை பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகளை விரித்தான். உள்ளங்கை இரண்டிலும் குறுக்கே, கயிறு தின்று தின்று காய்த்த தடம். சொர்ணலதா வெகுநேரம் பார்த்தாள். சத்தியத்தை மீறியவரை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து தோளைக் கொடுத்தாள். தொம்மை கோடியைப் போட்டான்.

"கருவாட்டு வாடை," என்றாள் கருத்தம்மாள், மூக்கை மூடாமலே.

பாடைத் தேரைத் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். ஆண்களோடு போகாமல் தொம்மை பெண்களுக்கு முன்னால் தனியாக நின்றான். தேர் நகர நகர, அவனுடைய இரண்டு கைகளும் இடுப்புக்கு நேரே ஒன்று மாற்றி ஒன்றாக, வெறுங்காற்றை இறுக்கி, மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருந்தன.