கீழே தொடங்கிய தாலாட்டு

என் காதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகத் தட்டிப் பார்க்கிற வேலை. சூளையிலிருந்து இறங்கும் ஊறுகாய் ஜாடியை விரல் முட்டியால் ஒரு தட்டு. ஒரு லிட்டர் ஜாடிக்கு ஒரே சத்தம்தான். அதிலிருந்து துளி இறங்கினாலும் உள்ளே கீறல், ஓரமாக வைத்துவிடுவேன். கண் தவறவிட்டதை நீலாவதி காது பிடித்துவிடும் என்று மேஸ்திரியே சொல்வார்.

அந்தக் காதை வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு காரியம் செய்தேன். எங்கள் மகள் இனியா கைக்குழந்தையாக இருந்தபோது என் வீட்டுக்காரர் மாயவன் அவளைத் தோளில் போட்டுத் தாலாட்டுப் பாடுவார். நான் பாடுகிற அதே தாலாட்டுதான், ஆனால் நான் தொடங்கும் இடத்துக்குக் கீழே தொடங்குவார். ஒருநாள் அக்கா, தங்கை எல்லாம் வந்திருந்தபோது, "கீறல் வுட்ட ஜாடியாட்டம் இருக்குது, நிறுத்துங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதோடு சரி. பதினெட்டு வருஷம் ஆயிற்று. ஆட்டோ ஓட்டும்போதுகூட ஒரு முணுமுணுப்பு கிடையாது.

போன வருஷம் இனியா சிதம்பரத்தில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஏதாவது பாடுங்களேன் என்று கேட்டேன். "எனக்கு எங்க பாட்டு வருது" என்று எழுந்து போய்விட்டார். சரி, மனுஷனுக்கு வராது, நாமாவது கற்றுக்கொள்வோம் என்று ஜங்ஷன் ரோட்டில் பிரபாகரன் சாரின் கீபோர்டு கிளாஸில் சேர்ந்தேன். சாருக்கு வயது இருபத்தாறு. கூடப் படிப்பதெல்லாம் வாண்டுகள்.

மூன்றாவது வாரம் காதுப் பயிற்சி. சார் ஸரிகமபதநி வாசித்தார். பிறகு வேறொரு கட்டையிலிருந்து மறுபடி வாசித்தார். நான் கையைத் தூக்கினேன்.

"இது தப்பு சார். கீழ எறங்கிடுச்சு."

"தப்பில்லக்கா. ஸ-வ எந்தக் கட்டையில வேணும்னாலும் வச்சுக்கலாம். அவங்கவங்க கொரலுக்கு ஏத்த எடம். வச்சப்புறம் மத்த சுரமெல்லாம் அதுலேர்ந்து அததோட தூரத்துல நிக்குதான்னு பாக்கணும். அவ்ளோதான்."

மறுபடி வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கே தொடங்குகிறது என்பதை விட்டுவிட்டு, ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தது.

அப்போதுதான் அந்தத் தாலாட்டு மனதில் ஓடியது. ஒருமுறை கேட்ட சத்தம் எனக்கு மறக்காது. வரி வரியாக, சுரம் சுரமாகக் கேட்டுப் பார்த்தேன். அவர் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. ஜாடிக்குத்தான் ஒரே சத்தம், மனுஷனுக்குமா? வாண்டுகளின் முன்னாலேயே அழுதுவிட்டேன். சார் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம் ஆறு மணி. வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தாலாட்ட ஒரு தடவ பாடுங்க."

"உன் காதுக்கு ஆவாது."

"என் காதுதாங்க தப்பு. நீங்க அன்னிக்கே சரியாத்தான் பாடுனீங்க. எனக்குத்தான் கேக்கத் தெரியல."

துணியைப் பிழிந்தார். "இவ்ளோ வருஷம் கழிச்சு சொல்ற."

"மன்னிச்சுக்குங்க."

"மறந்துபோச்சு நீலா."

மன்னிப்பதற்கு ஒன்றுமில்லை என்கிறாரா, பாட்டைச் சொல்கிறாரா என்றுகூடக் கேட்கத் தைரியமில்லை. நானே தொடங்கினேன். என் இடத்தில் அல்ல, அவர் தொடங்கும் இடத்தில். இரண்டாவது வரியிலேயே குரல் தரையில் உரசி வெறும் காற்றாகப் போனது. வெட்கமாக இருந்தாலும் விடாமல் பாடினேன்.

அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"அவ்ளோ கீழ உனக்கு வராது. உன் எடத்துலயே ஆரம்பி, நான் வரேன்."

மேலே ஏற்றித் தொடங்கினேன். கழுத்து நரம்பு புடைக்க அவரும் ஏறி வந்து சேர்ந்துகொண்டார். மூன்றாவது கண்ணியை நான்தான் மறந்து நின்றேன். மறந்துபோச்சு என்றவர் ஒரு வரிகூட விடவில்லை.