ஒற்றைக் காலில் நின்ற பூதம்

பிலோமின்ராஜ் கதையைப் பாதியில் விட்டுவிட்டு இறந்துபோனதால், கதையிலிருந்த பூதம் பாலக்கரையில் அவர் வீட்டுக் கூடத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. லால்குடியில் தங்கை கல்யாணத்துக்குப் போகிற பூதம் அது. மகள் பெலிண்டா உம் கொட்டினால்தான் அவர் அடுத்த வரிக்குப் போவார். பூதம் கொள்ளிடத்தில் இறங்க வலது காலைத் தூக்கிய நேரம், அடுக்களையிலிருந்து மனைவி லூர்துராணி, "பிள்ளைகிட்ட பொய்யா சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. அவ ஹோம்ஒர்க் பண்ணட்டும்" என்றாள். அவள் அறிவியல் டீச்சர். "மீதி நாளைக்கு" என்று அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். மறுநாள் காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அடக்கம் முடிந்து வந்து கதவைத் திறந்தால் பூதம் நிற்கிறது, தூக்கிய காலோடு.

பெலிண்டா அன்றோடு பேச்சை நிறுத்தினாள். மூன்றாம் வகுப்பு போய் நான்காம் வகுப்பு வந்தது, வாய் திறக்கவில்லை. தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள் டாக்டர்கள். பூதத்தைக் கிளப்பிவிட்டால் பிள்ளை பேசிவிடும் என்று தெருவே முடிவு செய்தது. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார். அது பவ்யமாகக் குனிந்து வாங்கிக்கொண்டது. எதிர்க்கடை நஸ்ருல்லா விடுகதையாகப் போட்டுப் பார்த்தார். அத்தனையையும் விடுவித்துவிட்டு அது அவருக்கு ஒன்று போட்டது. அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் தாலாட்டுப் பாடினாள். நின்றபடியே குறட்டை விட்டது. லூர்துராணி அந்த ஒற்றைக் காலைச் சுற்றிப் பெருக்கினாள். மனசு கேட்காமல் சில நாள் தைலமும் தேய்த்துவிட்டாள்.

கூட வேலை பார்க்கும் ரங்கநாயகி டீச்சர் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து பார்த்தாள். "பாதி வழியில வெச்சுட்டா நகராதுடி, லூர்து. விபீஷணன் ஊருக்குக் கொண்டுபோற வழியில கீழ வெச்ச பெருமாளே ஸ்ரீரங்கத்துலேயே சயனிச்சுண்டவர்தானே. உங்க ஆத்துக்காரர் விட்ட இடத்துலேருந்து நீயே சொல்லேன்."

"எனக்குப் பொய் வராது, டீச்சர்" என்றாள் லூர்துராணி.

ஒரு சாயங்காலம் பெலிண்டாவின் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு, பேசாத பிள்ளைக்கு வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் பெலிண்டா பூதத்தின் தூக்கிய காலடியில், மழைக்கு ஒதுங்கினவள் போல உட்கார்ந்திருந்தாள். கதையை நிறுத்தியது நான்தானே என்று லூர்துராணிக்கு உறைத்தது. மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"பூதம் தண்ணியில காலை வெச்சுது. கொள்ளிடத்துல மணல் ஜாஸ்தி, அதனால ஆழம் வந்து..."

பூதம் அசையவில்லை. பெலிண்டாவும் அசையவில்லை. லூர்துராணி இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"தண்ணி அதோட முட்டிக்குக்கூட வரல. ஒரு கெண்டை மீன் தலையைத் தூக்கி, 'யாருக்குக் கல்யாணம்? எங்களுக்குப் பத்திரிகை இல்லையா?'ன்னு கேட்டுச்சு."

"உம்" என்றாள் பெலிண்டா.

பூதம் காலைக் கீழே வைத்தது. கொள்ளிடத்துத் தண்ணீர் கூடம் முழுக்கத் தெறித்தது. லூர்துராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பொய்யை யோசிக்கத் தொடங்கினாள்.