சந்திரகுமாரி பேசிய தமிழ்

பல்லடம் ரோட்டில் ஒரு பழைய பஞ்சுக் கிடங்கைக் கழுவிவிட்டு, சமூக சேவகிகளுக்குப் பயிற்சிக்கூடம் என்று போர்டு மாட்டியிருந்தார்கள். அறுபத்து நாலாம் வருஷம் அது. இலங்கை, பர்மா, நேபாளம் என்று எங்கெங்கிருந்தோ பெண்கள் வந்திருந்தார்கள். உள்ளூர்க்காரி குல்சார் பேகம் ஒருத்திதான். எந்தக் கடையில் எது கிடைக்கும் என்று எல்லோருக்கும் சொல்லிச் சொல்லியே பாவம், அவள் தொண்டை வற்றிப்போயிருந்தது.

அன்றைக்கு நடிப்புப் பாடம். ஒருத்தி தாய், ஒருத்தி சேவகி. தாய் தன் சொந்த பாஷையில் முறையிட வேண்டும். சேவகி அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும். ஆசிரியர் லிங்கசாமி, நேபாளத்துச் சந்திரகுமாரியைத் தாயாக உட்காரவைத்தார். அவளுக்குத் தமிழ் சுத்த சூனியம். காலையில்கூடத் தண்ணீர் கேட்கக் கையைக் குவித்துத்தான் காட்டினாள்.

குல்சார் சேவகியாக எதிரே உட்கார்ந்தாள். சந்திரகுமாரி தலை குனிந்தாள். நிமிர்ந்தபோது குரலே வேறு.

"ஏனுங்க அம்மிணி, எம் புள்ளையக் கொஞ்சம் பாருங்க. அனுப்பர்பாளையத்துல வேப்பமரத்துக்குக் கெழக்கே ஓட்டு ஊடு. சின்னாத்தா ஊடுன்னு கேளுங்க. உள்ளார தாப்பா போட்டிருக்குதுங்க. எனக்கு எந்திரிக்க முடியலீங்க."

நேபாளத்துக்காரி வாயில் தன் ஊர்ப் பேச்சைக் கேட்டுக் குல்சார் திடுக்கிட்டாள். ஆனாலும் பழக்க தோஷம் விடுமா? மனப்பாடம் பண்ணியிருந்த பதிலையே வாய் சொல்லிற்று.

"நாளைக்கு வந்து பாக்கறனுங்க."

"நாளைக்கு வேண்டாமுங்க. தொண்டை கட்டிப்போச்சு. அழுகக்கூட அதுக்குச் சத்தமில்லீங்க."

படபடவென்று கைதட்டல். "பலே! யாரும்மா இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்று லிங்கசாமி பத்துக்குப் பத்து போட்டார். அடப்பாவிகளா, ஒருத்தருக்காவது பயம் வரவேண்டாமா! சந்திரகுமாரி தூக்கத்தில் எழுப்பிவிட்டவள் மாதிரி மலங்க மலங்க விழித்தாள்.

குல்சார் செருப்பைக்கூடப் போடாமல் ஓடிப்போய் பஸ் ஏறினாள். பொய்யாக இருந்தால் ஊர் சிரிக்கட்டும். மெய்யாக இருந்து போகாமல் விட்டால் ஒரு பிள்ளை செத்துப்போகுமே!

வேப்பமரம் இருந்தது. ஓட்டு வீடும் இருந்தது. பக்கத்துப் பாத்திரப் பட்டறை ஆட்கள் கதவை உடைத்தார்கள். சின்னாத்தாள் முந்தின நாளே காய்ச்சலில் செத்து விறைத்திருந்தாள். அவள் கைவளைவுக்குள் பிள்ளை கிடந்தது. உயிர் இருந்தது. "யா அல்லாஹ்" என்று குல்சார் அழுதேவிட்டாள்.

டாக்டரிடம் காட்டிப் பால் புகட்டியாயிற்று. உறவுக்காரர்கள் வரும்வரை பார்த்துக்கொள்ள, பிள்ளையைப் பயிற்சிக்கூடத்துக்கே தூக்கி வந்தாள். சந்திரகுமாரி எழுந்து வந்து அதன் நெற்றியை முகர்ந்தாள்.

"பொழைச்சுக்கிட்டயா கண்ணு" என்றாள். பிறகு குல்சாரைப் பார்த்துக் கும்பிட்டாள். "நான் போறனுங்க."

எந்த வீட்டுப் படி இறங்கினாலும் 'போயிட்டு வாறனுங்க' என்று சொல்லும் ஊர் அது. வெறும் 'போறேன்' என்று உயிரோடிருக்கிற எவரும் சொல்லமாட்டார்கள். 'போயிட்டு வாங்க' என்று சொல்ல வாயெடுத்த குல்சார், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.