மூன்றாம் நம்பர் கொம்பியூட்டர்

2009இல் பண்டாரவளையில் பாறூக்கின் நெட் கபேயில் ஐந்து கொம்பியூட்டர்கள் இருந்தன. சனிக்கிழமை பின்னேரங்களில் நான் மூன்றாம் நம்பரில் உட்காருவேன். கீபோர்டில் பாதி எழுத்துகள் அழிந்திருந்ததால் வேறு யாரும் அதைக் கேட்பதில்லை.

“இத ஒங்க பேருக்கே எழுதித் தரட்டா சேர்?” என்பான் பாறூக்.

கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பேன். ஓரத்தில் விளம்பரம் வரும். மார்பில் கட்டியா, சென்னைக்கு வாருங்கள் என்று ஓர் ஆஸ்பத்திரி. செய்திப் பக்கத்துக்குப் போனால் அங்கும் அதே. நாம் தேடுவதற்கேற்ற விளம்பரம் நம் பின்னாலேயே வரும் என்று பத்திரிகையில் வாசித்திருந்தேன். என் மனைவி நிசாந்தினிக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது இதே கொம்பியூட்டரில்தான் இரவல் நம்பிக்கை தேடினேன். அவள் இறந்து எட்டு மாதம். நான் படிப்பிக்கும் அப்புத்தளைப் பள்ளிக்கூடத்தில் யாரும் இப்போது அவள் பேச்சை எடுப்பதில்லை. விளம்பரம் மட்டும் விடவில்லை. இடையில் சில வாரம் காணாமல் போய்த் திரும்ப வந்தது. வந்தபோது ஆறுதலாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை பாறூக்கிடம் சொன்னேன்.

“நான் போன வருஷம் தேடினதெல்லாம் இதுல இன்னும் இருக்கு.”

“இருக்க ஏலாது சேர். வைரஸ் புகுந்து, நோன்புக்கு முந்தி முழுசா அழிச்சிட்டுப் புதுசாத்தானே போட்டேன்.”

“அப்ப இதுல வேற யாரு உட்கார்றது?”

“பின்னேரம் நீங்க. காலையில எங்க வூட்டுல. வட்டிலப்பம் செய்றது எப்படின்னு பார்ப்பா போல. எனக்கு ஒரு நாளும் தரல்ல.” சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. விளம்பரம் என்னுடையதல்ல. அவன் மனைவி ஜெனீராவினுடையது.

அப்போதே சொல்லியிருக்கலாம். பாறூக் மூன்றடி தள்ளி பிரிண்டருக்குப் பேப்பர் போட்டுக்கொண்டிருந்தான். அவள் புருஷனுக்கே சொல்லாததை எவனோ ஒரு விளம்பரக்காரன் எனக்குச் சொல்லிவிட்டான். அதை நான் கைமாற்றிவிடக் கூடாது என்று பட்டது. ஆனால் நிசாந்தினியும் நான்கு மாதம் மறைத்தாள். பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும் என்று இருந்தாளாம். அப்போது ஒரு விளம்பரம் அவளைக் காட்டிக்கொடுத்திருந்தால், நான் அதைத் திட்டியிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுக் காலையில் போனேன்.

“அவரு சாமான் எடுக்க பதுளைக்குப் போயிட்டாரு சேர்” என்றாள் ஜெனீரா.

“உங்களப் பார்க்கத்தான் வந்தேன் தங்கச்சி.”

ஸ்கோர் பக்கத்தைத் திறந்து காட்டினேன். விளம்பரம் வந்தது. அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“சேருக்கு யாரு சொன்ன?”

“இதுதான்.”

“நான் பேரே குடுக்கல்லயே!”

“பேரு தேவையில்ல. என்ன தேடுறோம்னு பார்த்து வச்சுக்கும்.”

“அவரும் இதப் பார்த்திருப்பாரா?”

“பார்த்திருந்தாலும் விளங்கியிருக்காது. நானே என்னுதுன்னுதான் நினைச்சேன்.”

“அழிச்சுத் தாங்க சேர். இப்பவே.”

“குக்கின்னு ஒண்ணு இருக்கு. அதுலதான் அடையாளம் வைக்குது.”

“குக்கியா? ஒரு பிஸ்கட்டா என்னைக் காட்டிக் குடுத்தது?” சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அழித்தேன். பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். ரிங்டோன் விளம்பரம் வந்தது.

“இதுல அழிஞ்சிருச்சு தங்கச்சி. உங்ககிட்ட அழியல்ல. எத்தனை மாசம்?”

“ரெண்டு.”

“என் வைஃப் நாலு மாசம் சொல்லாம இருந்தா. சென்னையெல்லாம் வேணாம். பதுளை பெரியாஸ்பத்திரியில செவ்வாய்க்கிழமை க்ளினிக். சும்மா கட்டியாவும் இருக்கலாம். அத டாக்டர் சொல்லட்டும்.”

“அவருக்கிட்ட சொல்லிருவீங்களா?”

“இல்ல. நீங்க சொல்லணும்.”

அவள் கை நீட்டித் திரையை அணைத்தாள்.

மறுநாள் செவ்வாய். பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸில் வந்தபோது கடை திறந்திருந்தது. பாறூக் கை காட்டினான். நானும் காட்டினேன். அந்தச் சனிக்கிழமை நான் போகவில்லை. போனால் சொல்லிவிடுவேன்.

அடுத்த செவ்வாய் கடை பூட்டியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கினேன். ‘இன்று கடை இல்லை’ என்று பாறூக்கின் எழுத்தில் ஒரு தாள். பக்கத்து மருந்துக்கடைக்காரர் வெளியே வந்தார்.

“புருஷனும் பொஞ்சாதியும் விடியக்காலையிலயே பதுளை பஸ் ஏறினாங்க. என்ன விசயமாம் சேர்?”

“தெரியாது” என்றேன்.