கொக்கை விழுங்கிய வட்டம்

காலையில் ஒழுங்காகப் பறந்த கொக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு பறக்கமாட்டேன் என்றது. சுயம்புலிங்கத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மயிலாப்பூரில் வாடகைக்கு எடுத்த கூடத்தில் மறுநாள் அவனுடைய முதல் கண்காட்சி. தகரத் துண்டுகளைக் கம்பியில் கோத்து, மின்விசிறி மோட்டாரில் சுற்றவிட்டு, பின்னால் ஒரு கண்ணாடித் தகட்டுக்கு அந்தப் பக்கம் கார் விளக்கு பல்பை எரியவிட்டால், எதிரே கட்டிய வேட்டியின் குறுக்கே ஒரு கொக்கின் நிழல் சிறகடித்துப் போக வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காகத்தான் தி.நகரில் அப்பாவின் பாத்திரக் கடையை உதறிவிட்டு வந்திருந்தான். "தகரத்த வெட்டி வெளையாடுதவனுக்கு என் கடையில என்னலே சோலி?" என்று கேட்ட அப்பா ராஜரத்தினம் அதற்குப் பிறகு அவனோடு பேசவே இல்லை. நாளைக்குக் கொக்கு சொதப்பினால் வாலைச் சுருட்டிக்கொண்டு அவர் முன்னால்தான் போய் நிற்க வேண்டும்.

இப்போது பார்த்தால், வேட்டியின் நடுவே பூசணிக்காய் அளவில் ஒரு கறுப்பு வட்டம். பறந்து வந்த கொக்கு அதற்குள் போய்க் காணாமல் போயிற்று.

"இன்னா சார், கொக்கு கெணத்துல வுழுது?" என்றார், மோட்டார் பூட்டிக் கொடுத்த பீர் முஹம்மது.

கறையோ என்று வேட்டியை அவிழ்த்தார்கள். வெறுஞ்சுவரிலும் வட்டம் இருந்தது. மோட்டாரை நிறுத்தினார்கள். கொக்கு நின்றது, வட்டம் அப்படியே இருந்தது. பல்பை மாற்றினார்கள். வட்டம் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்து வெறுப்பேற்றியது.

"கரண்டுலதான் சார் கோளாறு."

"கரண்டுல கறுப்பு வருமா பாய்?"

விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் கண் கூசியது. அணைத்தால், கதவைச் சாத்தி ஜன்னலெல்லாம் துணி கட்டிய கூடத்தில் கும்மிருட்டு. ஆத்திரம் பொத்துக்கொண்டு வர, சுயம்புலிங்கம் ஒரு ஜன்னல் துணியைப் பிடுங்கி எறிந்தான். வெளிச்சத்தில் தெரிந்தது. பல்புக்கு முன்னால் நிறுத்தியிருந்த கண்ணாடியில், நட்டநடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"யார் வெச்சது இது?"

கூடம் பெருக்கும் தாயம்மா விளக்குமாறோடு எட்டிப் பார்த்தாள். "நீங்க துன்னப் போனீங்கல்ல, அப்போ ஒரு பெரியவரு வந்தாரு நைனா. நெத்தி பூரா துந்நூறு. பாத்திரக் கடையாம். புது மிசினு பொட்டு வெக்காம ஓடக் கூடாதுன்னாரு. இதுக்கு மூஞ்சி எதும்மான்னு கேட்டாரு. எனுக்கு இன்னா தெரியும்? பளபளன்னு கீதேன்னு கண்ணாடியக் காட்டினேன்."

கடைக்குப் புதுத் தராசு வந்தாலும் அப்பா தன் கையால் பொட்டு வைத்த பிறகுதான் நிறுக்க விடுவார். வீம்பு பிடித்த மனுஷன், மகன் இல்லாத நேரம் பார்த்து இவ்வளவு தூரம் வெயிலில் வந்து போயிருக்கிறார். திட்டுவதா அழுவதா என்று தெரியாமல் சுயம்புலிங்கம் நின்றான்.

பீர் முஹம்மது ஈரத் துணியோடு வந்தார். "தொடச்சிடவா சார்?"

"வேணாம் பாய். இருக்கட்டும்."

"நாளைக்கு வர்றவங்க, நடுவுல இந்தக் கறுப்பு இன்னான்னு கேட்டா?"

சுயம்புலிங்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எங்க அப்பான்னு சொல்லுங்க."