இரண்டு பார்சலில் ஒரு விளையாட்டு

1

இந்தக் கதை ஒரு பார்சலிலிருந்து பிறந்தது. இதைவிட கௌரவமான காரணம் எதையாவது சொல்ல முடியுமா என்று காலையிலிருந்து யோசித்துவிட்டேன். இல்லை. சுங்க அலுவலகத்தின் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்து இதைக் கைபேசியில் தட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் என் அத்தான், அதாவது அக்காவின் கணவர். பல்செட் செய்கிறவர். கையிலிருக்கும் டோக்கனை யாரோ பிடுங்க வருவதைப் போல இரண்டு விரலால் அழுத்திப் பிடித்திருக்கிறார். இன்று மாலைக்குள் பார்சலை மீட்காவிட்டால் அது வந்த வழியே திரும்பிப் போய்விடும். அதோடு சேர்ந்து அவருடைய ஒரே நட்பும் போய்விடும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்கும் தோன்றுகிறது. சொல்லமாட்டார்.

தொடக்கம் ஒன்று: "மூடுபனி விலகாத ஒரு துறைமுகத்தை நோக்கி இரண்டு கப்பல்கள்—"

[வேண்டாம். இது அந்த விளையாட்டின் கதை. எங்கள் கப்பல்கள் பெட்டிக்குள் இருக்கின்றன. பெட்டி கம்பிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.]

தொடக்கம் இரண்டு: "மனிதன் அடிப்படையில் விளையாடும் பிராணி. நாகரிகத்தின் விடியலிலிருந்தே அவன்—"

[அக்கா படித்தால் கைபேசியைப் பிடுங்கிவிடுவாள்.]

தொடக்கம் மூன்று: இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஒரு விளையாட்டை வாங்கினார்கள். இப்போது அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

இது இருக்கட்டும்.

2

இரண்டு நண்பர்களில் ஒருவர் அத்தான். இன்னொருவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி, லென்ஸ் தீட்டும் இயந்திரத்தின் மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டு, பின்னறை மேசையில் இருவரும் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சாயங்காலமாகிவிடும். ஆடுவது பலகை விளையாட்டு. தாயமோ பரமபதமோ என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து அவமானப்பட்டேன். இவை வேறு ஜாதி. செங்கல் கனத்தில் ஒரு பெட்டி, உள்ளே மரக்காய்கள், அட்டைகள், பகடைகள், வாஷிங் மெஷினுக்குக்கூடத் தராத நீளத்தில் ஒரு விதிப்புத்தகம். ஏதோ ஒரு குளிர்தேசத்து ஊரில் ஒரு தம்பதி தங்கள் கார் கொட்டகையில் வைத்துச் சில நூறு பிரதிகள் அச்சடிப்பார்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

"வேற எங்கயாவது போறாருன்னாக்கூட சண்டை போடலாம்டா" என்று அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னாள். "மரக்கட்டைய நகத்திட்டு வீட்டுக்கு வர்ற மனுஷன்கிட்ட என்னத்தைச் சண்டை போடுறது?"

(குறிப்பு: அத்தானுக்கு வேறு நண்பர்கள் இல்லை என்று எழுதினால் கோபித்துக்கொள்வார். எனவே எழுதவில்லை. முதல் பகுதியில் ஏற்கெனவே எழுதிவிட்டேன் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். இருக்கட்டும், உண்மைதானே.)

3

வெளிநாட்டுப் பதிப்பாளரிடமிருந்து ஒரு விளையாட்டை வாங்குவது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதலாம். ஆனால் எழுதும்போதே எனக்கு ரத்தக்கொதிப்பு வரும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில், அந்தத் தம்பதியின் இணையதளத்தில் நாட்டின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் எங்கள் நாடு இல்லை. பென்குயின்கள் மட்டுமே வசிக்கும் தீவுகளெல்லாம் இருக்கின்றன. மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால், மிகுந்த மரியாதையோடு, வாரம் ஒருமுறை பதில் வரும். உங்கள் ஆர்வத்துக்கு நெஞ்சார்ந்த நன்றி, உங்கள் பகுதிக்கு நாங்கள் அனுப்புவதில்லை. இன்னொரு மின்னஞ்சல். சரி, அனுப்புகிறோம், ஆனால் தபால் செலவு விளையாட்டின் விலையைத் தாண்டும், மனமிருக்கிறதா? மனமிருந்தது. பணம் கட்டப்போனால் வங்கி அட்டையை முடக்கிவிட்டது. வங்கியிலிருந்து விசாரிக்கக் கூப்பிட்ட பெண்ணின் குரலில் ஒரு இரக்கம் இருந்ததாம்.

"சார், நீங்க வெளிநாட்டு சூதாட்டத் தளத்துல பணம் கட்டப் பாத்திருக்கீங்க."

"சூதாட்டம் இல்லம்மா. பலகை விளையாட்டு."

"எல்லாரும் அப்படித்தான் சார் ஆரம்பிக்கிறாங்க. வீட்ல யாராவது பெரியவங்க இருக்காங்களா?"

அத்தானுக்கு ஐம்பத்தெட்டு வயது.

4

இனி தவறு. இதை அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது.

ஒரு குறிப்பிட்ட மதிப்புக்குக் கீழே இருக்கும் பார்சலுக்கு வரி கிடையாது. இந்த விளையாட்டு அந்த மதிப்பைக் கொஞ்சம் தாண்டியது. ஆகவே பதிப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போனது: பலகையையும் விதிப்புத்தகத்தையும் ஒரு பார்சலாகக் கண்ணாடிக்காரர் முகவரிக்கு அனுப்புங்கள், காய்கள், பகடைகள், உலோக நாணயங்கள் எல்லாவற்றையும் இன்னொரு பார்சலாகப் பல்செட்காரர் முகவரிக்கு அனுப்புங்கள். அந்தத் தம்பதி "நிச்சயமாகத்தானா?" என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார்கள். நிச்சயமாகத்தான்.

அந்த மின்னஞ்சலை எழுதியது யார்?

விளையாட்டு வாங்குவதற்கென்றே இருவரும் பொதுவாக ஒரு மின்னஞ்சல் கணக்கு வைத்திருக்கிறார்கள். யார் எழுதினாலும் கீழே இரண்டு பேரின் கையெழுத்தும் இருக்கும். ஆகவே இனி வரும் இரண்டு பத்திகளில் ஒன்று பொய். எது என்று எனக்குத் தெரியாது.

அத்தான் சொல்லும் வடிவம்: "அவன்தான் மாப்ள. லென்ஸ் வரவழைக்கிறப்போ அவன் அப்படித்தான் பண்ணுவான், ஃப்ரேம் தனியா, கண்ணாடி தனியா. இதையும் அப்படியே பண்ணலாம்னான். நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

கண்ணாடிக்காரர் சொல்லும் வடிவம்: "உங்க அத்தான்தான் தம்பி. மேல்பல்லு தனி, கீழ்ப்பல்லு தனின்னு பிரிச்சுப் பிரிச்சே யோசிக்கிற ஆளு. நான் ஒண்ணாவே வரட்டும்னுதான் சொன்னேன்."

இரண்டும் நம்பும்படியாகவே இருக்கின்றன. அதுதான் எரிச்சல். நான் இதைக் கதையாக எழுதப்போகிறேன் என்று தெரிந்ததும் இருவருமே தனித்தனியாக என்னைக் கூப்பிட்டு ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "உண்மையை மட்டும் எழுது."

பலகை ஒழுங்காக வந்து சேர்ந்தது. காய்கள் வரவில்லை. சுங்கம் பிடித்துவைத்தது. பலகையும் விதியும் இல்லாமல் பகடையும் நாணயமுமாக ஒரு பெட்டி வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

5

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சந்தேகம். முதல் வரைவில் சுங்க அதிகாரிக்கு ஒரு கனத்த மீசை வைத்திருந்தேன். மேசையில் காலைத் தூக்கிப் போட்டிருந்தார். தேநீரை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தார். கதைக்கு வசதியான ஆள்.

சென்ற மாதம் அத்தானோடு இங்கே வந்தபோது பார்த்தது வேறு. அதிகாரி ஒரு பெண்மணி. அலுத்துப்போன, ஆனால் பொறுமையான முகம். பெட்டியைத் திறந்து, பகடைகளை நிறவாரியாக மேசையில் வரிசைப்படுத்தியிருந்தார். மரக் கப்பல் ஒன்றை எடுத்து அடியில் திருப்பிப் பார்த்தார்.

"இது விளையாட்டுச் சாமான்னு சொல்றீங்க."

"ஆமா மேடம்."

"பலகை எங்க?"

"இன்னொரு வீட்ல இருக்கு."

"காய் ஒரு வீட்லயும் பலகை ஒரு வீட்லயுமா?"

"ஆமா மேடம்."

"எதுக்கு அப்படி?"

அத்தானுக்குப் பொய் வராது. உண்மையைச் சொன்னால் வரியை ஏய்த்த கதை வெளியே வந்துவிடும். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அவர் செய்யும் பல்செட்டை அவரே மாட்டிச் சோதிப்பதைப் போல இருந்தது.

"நாங்க ரெண்டு பேரு மேடம்" என்றார் கடைசியில். "அதனால."

அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நாங்கள் காட்டிய இணையதளப் படத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"படத்துல பலகை இருக்கு சார், என் மேசையில இல்லையே. அந்தப் பலகையையும், அது யார் பேர்ல வந்துச்சோ அவரையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டையும் சேத்து வச்சுப் பாக்கிறேன். விளையாட்டுன்னா மொத்தத்துக்கும் வரியைக் கட்டிட்டு எடுத்துட்டுப் போங்க."

நான் எதிர்பார்த்த வில்லன் இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். கதையில் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் போனது இங்கிருந்துதான்.

6

ஆகவே கண்ணாடிக்காரர் வரவேண்டும். அவர் வரமாட்டேன் என்கிறார். அவர் இல்லாமல் காரியம் நடக்காது என்று தெரிந்தும் அத்தான் கூப்பிடமாட்டேன் என்கிறார். "தப்புப் பண்ணுனவன் அவன். அவனா வரட்டும்." மூன்று ஞாயிறு இப்படியே போனது. அக்கா பாத்திரத்தை டங்கென்று வைத்துவிட்டு, "பேரன் எடுக்கிற வயசுல பொம்மைக்குச் சண்டை!" என்றாள். நான்தான் தூது போனேன்.

கடையில் வாடிக்கையாளர் இல்லை. சுவரெங்கும் ஆளில்லாத கண்ணாடிகள் என்னைப் பார்த்தன. [இந்த வாக்கியம் நன்றாக இருக்கிறது என்பதே அதன் மீது சந்தேகத்தைக் கிளப்புகிறது. தள்ளிவிடுங்கள்.] அவர் பின்னறையில் இருந்தார். மேசையில் அந்தப் பலகை விரித்திருந்தது: சாம்பல் நிறக் கடல், நடுவில் துறைமுகம். அதன்மேல் கப்பல்களுக்குப் பதிலாக, மூக்குக்கண்ணாடியில் மூக்குமேல் உட்காரும் அந்தச் சின்ன ரப்பர் பட்டைகள். ஒரு பக்கம் வெள்ளை, இன்னொரு பக்கம் கறுப்பு.

"தனியாவா ஆடுறீங்க?"

"ஆடல தம்பி. விதியைச் சரிபாக்கிறேன்."

"கறுப்பு யாரு?"

"நான்."

"யாரு ஜெயிக்கிறாங்க?"

கறுப்புப் பட்டை ஒன்றை ஒரு கட்டம் பின்னால் நகர்த்தினார். "உங்க அத்தான்தான்" என்றார் எரிச்சலோடு. "அந்தாளுக்குன்னு ஒரு குருட்டு அதிர்ஷ்டம்."

பிறகு சுங்க அலுவலகப் பேச்சை எடுத்தேன். முகம் மாறிவிட்டது.

"அங்க வந்து நின்னா, பிரிச்சு அனுப்பச் சொன்னது நான்னு ஆயிரும். உங்க அத்தான் ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, 'நான்தான்டா சொன்னேன்'னு சொல்லட்டும். பலகையைத் தலையில தூக்கிட்டு வர்றேன்."

இதே வார்த்தையைத்தான் அத்தானும் அவரிடமிருந்து எதிர்பார்க்கிறார். நான் யாருக்கும் எதையும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டேன்.

7

முடிவுகள்.

அ) கண்ணாடிக்காரர் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடத்துக்குள் ஓடி வருகிறார். இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். [அவருக்கு மூட்டு வலி. ஓடமாட்டார். இவர்கள் கட்டிக்கொண்டு நான் பார்த்ததும் இல்லை.]

ஆ) அதிகாரிக்கும் பலகை விளையாட்டில் ரகசியப் பைத்தியம். காய்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு விட்டுவிடுகிறார். [அக்காவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் சிரித்தாள். "நான் போய்ப் பலகையையும் அந்த மனுஷனையும் இழுத்துட்டு வரட்டுமா?" என்றாள். அத்தான் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.]

இ) யாரும் வரவில்லை. பார்சல் கடல் தாண்டித் திரும்புகிறது. அடுத்த ஞாயிறு மத்தியானம் அத்தான் வீட்டிலேயே இருக்கிறார். அலமாரியைச் சுத்தம் செய்கிறார். பிறகு அதையே மறுபடி—

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அத்தான் எட்டிப் பார்த்துவிட்டார்.

"அதை அழிச்சிரு மாப்ள."

"கதைதானே அத்தான்."

"அழிச்சிரு."

அழிக்கவில்லை. ஆனால் அதற்குமேல் எழுதவும் முடியவில்லை.

8

இப்போது எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். அத்தான் எழுந்தார். கவுன்ட்டரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு பின்னால் நின்ற பெண்ணிடம், "நீங்க போங்கம்மா. எங்களுக்கு இன்னொரு ஆள் வரணும்" என்றார்.

நான் காதை நம்பாமல் கேட்டேன். "போன் பண்ணுனீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எப்படி வருவாரு?"

"இன்னிக்குத்தான் கடைசி நாள்னு அவனுக்குத் தெரியும்."

"அவர் வந்து கேட்டா? யாரு சொன்னதுன்னு?"

அத்தான் டோக்கனை மடித்தார், பிரித்தார். "வரட்டும். அந்தம்மாகிட்ட நான்தான்னு சொல்லிக்கிறேன்."

"அப்போ நீங்கதானா?"

"அப்படிச் சொல்லல. சொல்லிக்கிறேன்னேன்."

வாசகருக்காக என்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன். எல்லா வாசகர்களையும் உத்தேசித்து, சற்றே உரத்த குரலில். இப்போது எனக்கு ஒரே ஒரு வாசகர் போதும். மற்றவர்கள் இதைப் படிக்கும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். அவர்கள் எந்த முடிவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

கண்ணாடிக்காரரே, இந்த எட்டுப் பகுதிகளையும் உங்களுக்கு இப்போதே அனுப்புகிறேன். நாலாம் பகுதியில் இரண்டு வடிவத்தையும் அப்படியே விட்டிருக்கிறேன், பிடிக்காததை அடித்துக்கொள்ளுங்கள். அத்தான் சற்றுமுன் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன். முடிவை மட்டும் நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் பின்னறை மேசையில் விரித்துக் கிடக்கிறது. மடித்து எடுத்துக்கொண்டு வாருங்கள், அல்லது அங்கேயே கிடக்கட்டும்.

அத்தான் புது டோக்கன் எடுக்க எழுந்து போகிறார்.