மாமா அடைத்த பள்ளங்கள்

என் மாமாவுக்கு எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்கத் தெரியாது. கதவு, நாற்காலி, பிளாஸ்டிக் வாளி, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் அந்த வீட்டுச் சுவர். இரும்பு கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற பட்டறைக்காரர். விரல் முட்டியால் இரண்டு தட்டு, காதைச் சாய்த்து ஒரு கவனிப்பு, உடனே தீர்ப்பு. "வெத்து" அல்லது "சரக்கு இருக்கு." உலகத்தில் மூன்றாவது வகை கிடையாது.

நான் வேலை பார்ப்பது கோல்ஃப் சாமான் விற்கிற கடையில். பில் போடுவது என் வேலை. கடையின் பின்கோடியில் இரும்புக் குழாய் நட்டு, வலை கட்டி, பச்சைப் பாய் விரித்து ஒரு கூண்டு இருக்கிறது. வாங்க வருகிறவர்களை அதற்குள் நிறுத்தி, கொஞ்சம் பந்து அடிக்கவிட்டு, யாருக்கு எந்த மட்டை ஒத்துவரும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அந்தக் கூண்டு. சம்பளம்கூட ஏற்ற வேண்டாம், கூண்டைக் கொடுத்தால் போதும் என்று முதலாளியை நச்சரித்து நச்சரித்து, ஒருநாள் காலையில் மனிதர் இறங்கி வந்தார்.

"இன்னைக்கு முதல்ல வர்ற ஆளு உன் ஆளு. புதுசா ஆட வர்றவரா இருந்தா ஒரு செட் அயர்ன் மட்டை எடுத்துக் குடு. அது திரும்பி வரலைன்னா கூண்டு உனக்கு. வந்துச்சுன்னா பில்லைப் போட்டுக்கிட்டுப் பேசாம இருக்கணும். சம்மதமா?"

எங்கள் கடையில் பொருள் பிடிக்காவிட்டால் மாதம் முடிவதற்குள் திருப்பிக் கொடுக்கலாம். பாதிப் பேர் கொடுத்துவிடுவார்கள். இருந்தாலும் சம்மதம் என்றேன். கதவு திறந்தது.

"எங்க வீட்டு வாயாடி இங்கதான் இருக்காளா?"

முதல் ஆள் என் மாமா. தலையெழுத்து என்பதை இதைவிடக் கொட்டை எழுத்தில் எழுத முடியாது.

மாமா கோல்ஃபுக்கு வந்த கதை சின்னது. அவர் மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் சம்பந்தி பல் டாக்டர். ஒரு மதியம் சாப்பாட்டு மேசையில் அவர், "கோல்ஃப் உங்களுக்குச் சரிப்படாது சம்பந்தி. ரொம்ப நுணுக்கமான வேலை" என்று சொல்லிவிட்டார். தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் காதில் வாங்கியது என் மாமா ஆயிற்றே. அன்றிலிருந்து மாமா பட்டறையை மூடியதும் பயிற்சித் திடலுக்குப் போய் வாடகை மட்டையால் தரையை வெட்டிக்கொண்டிருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட வரச் சொல்லி சம்பந்தி கூப்பிட்டும் விட்டார்.

"அவர் பையைத் திறந்து பார்த்தேன்" என்றார் மாமா. "ஒவ்வொண்ணும் கத்தி மாதிரி. பின்பக்கம் வழவழன்னு ஒரே கட்டி இரும்பு. எனக்கும் அதையே குடு."

"அதுக்குப் பேரு பிளேடு மாமா. நல்லா ஆடுறவங்களுக்கு."

"நான் நல்லா ஆடலேன்னு யார் சொன்னா?"

"நீங்க இன்னும் ஆடவே ஆரம்பிக்கல."

சரி, கண்ணால் பார்த்தால் தெரிந்துகொள்வார் என்று பிளேடின் முகத்தில் வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தேன். பந்து படுகிற இடத்தில் நீலப்புள்ளி விழும். மாமா அடித்து முடித்தபோது ஸ்டிக்கர் அம்மை போட்டதுபோல் இருந்தது. முனையில் கொஞ்சம், அடியில் கொஞ்சம், ஓரத்தில் கொஞ்சம். ஒரு பந்து மட்டையின் கழுத்தில் பட்டு, வலைக்கு வெளியே பாய்ந்து, என் பில் மேசை மணியை அடித்தது. ஒன்றே ஒன்று மட்டும் நடுவில் பட்டு நேராகப் போனது.

"பார்த்தியா" என்றார்.

"ஒண்ணுதானே மாமா?"

"அந்த ஒண்ணு எப்படி? நூல் பிடிச்ச மாதிரி."

இந்த வியாதிக்கு மருந்தே இல்லை. எல்லோரும் மட்டை வாங்குவது அந்த ஒரு அடிக்காக. மைதானத்தில் ஆடவேண்டியிருப்பதோ மற்ற எல்லா அடிகளோடும்.

நான் அடுத்ததை எடுத்தேன். புதியவர்களுக்கென்றே செய்தது. அடிப்பாகம் அகலம், பின்பக்கம் நடுவே பள்ளம், அங்கிருந்து எடுத்த கனம் முழுவதும் சுற்று ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும். இதிலும் மாமாவின் புள்ளிகள் ஊரெல்லாம் சிதறின. ஆனால் பந்துகள் பெரும்பாலும் நேராகப் போயின. மாமாவுக்கே கொஞ்சம் முகம் மலர்ந்தது. அப்புறம் மட்டையைத் திருப்பிப் பார்த்தார். முட்டி மடங்கியது. டொக், டொக்.

"தோண்டி எடுத்துட்டானே."

"தோண்டினதை ஓரத்துல வச்சிருக்காங்க மாமா. ஓரத்துல கனம் இருந்தா, நடுவுல படாம முனையில பட்டாலும் மட்டை கையில முறுக்கிக்காது. நாம பண்ற தப்பை அது மன்னிச்சு விட்டுடும்."

"என்னை மன்னிக்க அது யாரு?"

டொக், டொக்.

"தட்டாதீங்க மாமா. தட்டிப் பார்த்து வாங்க இது பானை இல்ல."

"உள்ள இருந்த இரும்பை வித்துத் தின்னுட்டு மிச்சத்தை நம்ம தலையில கட்டுறான். பள்ளத்தை மறைக்க ஒரு கலர் தகடு வேற. பொக்கை வாய்க்கு லிப்ஸ்டிக் போட்ட மாதிரி."

தொண்டை வறளும்வரை பேசினேன். கடைசியில் பொறுமை போய், "ஞாயித்துக்கிழமை பந்து நேராப் போகணுமா வேண்டாமா?" என்றேன்.

"போகணும்."

"அப்ப இதை எடுத்துக்கிட்டுப் போங்க."

மாமா பள்ளத்தை விரலால் அளந்து பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இது ஸ்டெயின்லஸ்தானே?"

"ஆமா மாமா. துருவே பிடிக்காது" என்றேன் பெருமையாக.

"அது போதும்" என்று செட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். சண்டை போடாமல் மாமா ஒரு பொருளை வாங்கிப் போகிறார் என்றால் அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். எனக்கோ கண்ணெல்லாம் கூண்டு.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய பையைத் தூக்க நானே போனேன். பாசம் என்று நினைக்க வேண்டாம். செட் திரும்பி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே. பை என்னவோ கல்லைக் கட்டி வைத்ததுபோல் கனத்தது. குடை, தண்ணீர் பாட்டில், செருப்பு எல்லாவற்றையும் திணித்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டே தோளை மாற்றி மாற்றிச் சுமந்தேன்.

டாக்டர் வெள்ளை ஷூ போட்டு, 'வலிக்கவே வலிக்காது' என்று சொல்கிற அதே குரலில் வரவேற்றார். முதல் பந்தை அவர் அடித்தார். அது மரக்கூட்டத்துக்குள் போனது.

"காத்து" என்றார்.

ஓர் இலைகூட அசையவில்லை.

மாமா பையிலிருந்து ஏழாம் நம்பர் மட்டையை உருவி, பின்பக்கம் டாக்டருக்குத் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் பட்டு அது கண்ணைப் பறித்தது.

"அட, வழவழன்னு இருக்கே. பிளேடா சம்பந்தி?"

"ஒரே கட்டி" என்றார் மாமா.

நான் பார்த்தேன். பள்ளம் இல்லை. கலர் தகடு இல்லை. இருந்த இடம் தெரியாமல் நிரப்பி, தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு ஏற்றியிருந்தார். உண்மையைச் சொன்னால் அப்பழுக்கற்ற வேலை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"மாமா, பள்ளம் எங்க?"

"அடைச்சுட்டேன்."

"எதை வச்சு அடைச்சீங்க?"

"எதை வச்சு அடைப்பாங்க? வெல்டிங்தான். ஸ்டெயின்லஸ்னு நீதானே சொன்னே, அதுக்குத் தோதான ராடு வாங்கிட்டு வந்தேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சம்பந்தி. பல்லுல ஓட்டையைப் பார்த்தா சும்மா விடுவீங்களா?"

"விட மாட்டேன்" என்றார் டாக்டர், தொழில் சுத்தமாக.

"அப்ப நான் மட்டும் விடணுமாம்."

தலையில் கை வைத்துக்கொண்ட அந்த நேரத்தில்தான் மட்டையின் கழுத்தைக் கவனித்தேன். தண்டும் தலையும் சேருகிற இடத்தில் ஒரு கருப்பு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். அது இல்லை. அந்த இடத்தில் கரண்ட் வேலைக்குச் சுற்றுகிற கருப்பு டேப் இருந்தது. அதாவது வளையம் உருகியிருக்கிறது. வளையம் உருகுகிற சூட்டில் உள்ளே இருக்கிற பசை? தலையையும் தண்டையும் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பசை மட்டும்தான்.

"மாமா, அடிக்காதீங்க."

மாமா என் பேச்சை எப்போது கேட்டிருக்கிறார், அன்றைக்குக் கேட்க? வீசிவிட்டார்.

பந்து வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. மட்டையின் தலை கிளம்பியது. மினுமினுவென்று உயர்ந்து, அழகாக வளைந்து, தூரத்துக் குளத்தின் நடுவில் போய் விழுந்தது. மாமா வெறும் தண்டை ஓங்கியபடி நின்றார். குளத்தில் வட்டம் வட்டமாக அலை பரவியது.

"நேராத்தான் போச்சு" என்றார் டாக்டர்.

அவர் கேலி செய்யவில்லை என்பதுதான் கொடுமை. பையிலிருந்து ஆறாம் நம்பரை எடுத்து, தலையை இரண்டு விரலால் பிடித்து, பழக்கதோஷத்தில் முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டினார். கையோடு வந்துவிட்டது. "வேர் கழண்டுபோச்சு" என்றார். ஐந்தையும் ஒன்பதையும் அப்படியே ஆட்டினார். எல்லாம் வலியில்லாமல் வந்தன. எட்டு மட்டும் வரவில்லை. திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பள்ளம், கலர் தகடு, எல்லாம் கடையில் இருந்தபடியே.

"இதை மட்டும் ஏன் விட்டீங்க?" என்று கேட்டேன்.

மாமா தரையைப் பார்த்தார். "உங்க அத்தை, பீரோவுக்குப் பின்னாடி சார்ஜர் விழுந்துடுச்சுன்னு எட்டி எடுக்கக் கொண்டு போனா. அங்கேயே சாத்தி வச்சுட்டா. காலைலதான் கிடைச்சுது."

அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. சாப்பாட்டு மேசையில் சொன்ன வார்த்தையை டாக்டர் மறந்தே போயிருப்பார். மாமா மறக்கவில்லை என்பது அந்தக் காதுகளில் தெரிந்தது. "வயிறு ஒரு மாதிரி இருக்கு சம்பந்தி. இன்னொரு நாள் ஆடலாமே" என்று முணுமுணுத்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு நானும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவர் இப்படியே கிளம்பினால் மட்டையைத் தொட மாட்டார், செட் கடைக்குத்தான் வரும். அந்தக் காதுகளையும் பார்க்கச் சகிக்கவில்லை.

"வயித்துக்கு ஒண்ணும் இல்ல. எட்டு இருக்குல்ல, அதை வச்சு ஆடுங்க."

"இந்த வெத்தா?"

"அந்த வெத்தேதான். தட்டாம அடிங்க."

அடித்தார். மட்டையின் முனையில் பட்டது, சத்தமே சொன்னது. பந்து கொஞ்சம் குறைவாகப் போனாலும் புல்வெளியின் நடுவில் போய் உட்கார்ந்தது. மாமா மட்டையைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் குழிக்குள் பந்தை உருட்ட வாடகைக்கு எடுத்த உருட்டுமட்டை தவிர, கிட்டேயோ தூரமோ, மணலோ மேடோ, எல்லாவற்றுக்கும் அந்த எட்டுதான். கோணல்மாணலாக அடித்து, உருப்படியாகப் போய்ச் சேர்ந்தார். டாக்டருக்கோ அன்று முழுக்கக் காற்று.

கடைசிக் குழிக்கு முன்னால் டாக்டர் கையை நீட்டினார். "அதைக் கொஞ்சம் குடுங்க சம்பந்தி." அடித்தார். நேராகப் போனது. திருப்பி, பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவினார்.

"இதுல ஓட்டை இருக்கே?"

"இருக்கணும் சம்பந்தி" என்றார் மாமா, கொஞ்சம்கூடக் கூசாமல். "ஓரத்துல கனம் இருந்தாத்தான் கையில முறுக்காது. சில பேரு தெரியாம அடைச்சுடுவாங்க."

பையைக் கீழே போட்டுவிட்டு நடந்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

மறுநாள் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் மாமா பையோடு உள்ளே வந்தார். முதலாளி பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பில் சுருளை என் பக்கம் நகர்த்தினார். மாமா அதிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தார். மட்டைத் தலைகள் மேசையில் உருண்டன.

"திருப்பிக் குடுக்க வந்தீங்களா?" என்றார் முதலாளி.

"எதுக்குத் திருப்பணும்? நான் கெடுத்ததை நீங்க ஏன் வாங்கணும்?" மாமாவுக்கு நியாயத்தில் குறை கிடையாது, காதில்தான் குறை. "இதே செட் ரெண்டு குடுங்க. பள்ளத்தோட. ஒண்ணு எனக்கு, ஒண்ணு சம்பந்திக்கு."

"எட்டாம் நம்பர் உங்ககிட்ட இருக்கே மாமா" என்றேன்.

"அது உங்க அத்தைக்கு. பீரோ பக்கத்துல இருக்கட்டும்."

முதலாளி பில் சுருளைத் திரும்ப இழுத்துக்கொண்டார். கூண்டுச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். அவர் சுபாவத்துக்கு அதுவே மாலை மரியாதை.

கூண்டைத் திறந்து உள்ளே ஒரு கால் வைத்திருக்க மாட்டேன், அதற்குள் புதிதாக ஆட்டம் பழக வந்த பஸ் டிரைவர் ஒருவர் அலமாரியில் இருந்த பள்ளம் வைத்த அயர்னை எடுத்து டொக், டொக் என்று தட்டினார். நான் கூண்டிலிருந்து ஓடி வருவதற்குள் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார்.

"சார், தட்டாதீங்க. தட்டிப் பார்த்து வாங்க இது பானை இல்ல."

அப்புறம் ஓரத்துக் கனம், முனை, முறுக்கு என்று நான் தொண்டை வறளச் சொன்னதையெல்லாம் வரிக்கு வரி ஒப்பித்தார். டிரைவர் பயபக்தியோடு தலையாட்டினார். முதலாளி என் காதருகே வந்தார்.

"உங்க மாமாவுக்கு விஷயம் தெரியுதே. ஞாயித்துக்கிழமை சும்மாதான் இருப்பாரா?"

"சார், கூண்டு எனக்குத்தானே?"

"உனக்குத்தான், யாரு இல்லேன்னா? அவர் சும்மா பக்கத்துல நிக்கட்டுமே."

நான் கூண்டுப் பக்கம் திரும்பினேன். மாமா ஏற்கெனவே என் கூண்டுக்குள் போய், வலை கட்டிய குழாய் ஒன்றின் முன்னால் நின்று விரலை மடக்கிக்கொண்டிருந்தார். டொக், டொக். காதைச் சாய்த்தார்.

"வெத்து" என்றார். "நாளைக்கு ராடு எடுத்துக்கிட்டு வரேன்."